அம்மா கல்லறை விளக்கில் இருந்த இரண்டு பேட்டரி

மரியாதைக்குரிய மாப்பிள்ளை விங்கோ அவர்களுக்கு, உங்கள் அத்தை மாண்டா, அக்காவின் தீவிலிருந்து எழுதுவது. சர்வேசுரன் புண்ணியத்தில் மூட்டுவலியைத் தவிர மற்றதெல்லாம் நலம். உங்கள் நலத்தையும், உங்கள் கல்யாண விருந்தில் என் தட்டில் பார்த்துப் பார்த்துக் கோழிக்கழுத்தை வைத்த உங்கள் தாயாரின் நலத்தையும் கோருகிறேன்.

நீங்கள் வாங்கித் தந்த புதுக் கேமராவைப் பற்றித்தான் இந்தக் கடிதம். "அத்தை, இதோட பேட்டரி இதுக்குன்னே செஞ்சது, வேற எதுவும் இதுல சேராது" என்று பெருமையாகச் சொன்னீர்கள். எனக்கு உங்கள் வீட்டு ஆட்கள்தான் ஞாபகம் வந்தார்கள். பழைய கேமராவைக் குப்பை என்றீர்களே என்று அதன் பென்சில் பேட்டரி இரண்டையும் ரேடியோவுக்குப் போட்டுவிட்டேன். ஆனாலும் மனசு கேட்காமல் கேமராவை மட்டும் பையில் தொத்திறைச்சிப் பொட்டலத்துக்கு அடியில் வைத்து எடுத்து வந்தேன். கப்பலில் என் இடத்தில் ஒருத்தி உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றாள். அவளை நாலு பக்கமும் நின்று படம் எடுத்தேன், பின்னால் ஆதாரம் வேண்டுமே. அதிலேயே உங்கள் பேட்டரி தீர்ந்தது. சார்ஜரோ உங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது.

அம்மாவின் கம்மலுக்காக அக்கா யேர்காவும் நானும் பேச்சை விட்டது உங்களுக்குத் தெரியும். "அது அம்மா காதோடயே குழிக்குப் போயிடுச்சு" என்று சிலுவை மேல் சத்தியம் செய்தவள் அவள். இந்த வருஷம் அவளே, கல்லறைக்கு விளக்கு வைக்கிற சகல புனிதர் திருநாளுக்குக் கூப்பிட்டாள். நாங்கள் இருவரும் சேர்ந்திருக்கும் படம் ஒன்றுகூட இல்லை. அதற்காகத்தான் கடல் தாண்டினேன். அம்மா கல்லறைக்குப் பக்கத்தில் நின்று, "எடுக்கறதுன்னா இப்பவே எடுடி. வீட்டுக்குப் போனா என் மனசு மாறிடும்" என்றாள். அமுக்குகிறேன், உங்கள் கேமரா கண்ணே திறக்கவில்லை. கல்லறை வாசலில் பூ விற்பவளிடம் இது மாதிரி இருக்கிறதா என்று பேட்டரியைக் காட்டினேன். "பிஸ்கோத்தா பாட்டி இது?" என்றாள். பழையதை எடுத்தால் அது காலி வயிறு. திருநாளன்று எந்தக் கடை திறந்திருக்கும்?

காற்றில் மெழுகுவத்தி நிற்காதென்று அக்கா அன்று பேட்டரி விளக்கு வைத்திருந்தாள். "தீயே இல்லாத விளக்கா? அம்மாவையே ஏமாத்துறியா?" என்று சற்றுமுன்தான் நான் சண்டை போட்டிருந்தேன். இப்போது அவளே குனிந்து அதன் அடியைத் திருகி, இரண்டு பென்சில் பேட்டரியை என் கையில் கொட்டினாள்.

"என்னடி முழிக்கிறே? ரெண்டு நிமிஷம் இருட்டுல இருந்தா அம்மா கோவிச்சுக்க மாட்டா. அவளுக்குப் பழக்கம்தான்."

பழைய கேமராவில் கச்சிதமாகப் பொருந்தியது! மணியடிக்க வந்த கோயில்பிள்ளை படம் எடுத்த நேரம் பார்த்துக் காற்று அக்காவின் முக்காட்டைத் தூக்க, இருவரும் சிரித்துவிட்டோம். பேட்டரியைத் திரும்ப விளக்கில் போட்டு, அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். பழைய பகை தீர்ந்தது. கல்லறையில்கூடக் கிடைக்கிற பேட்டரி எனக்குப் போதும், மாப்பிள்ளை. உங்கள் கேமராவைத் திருப்பி அனுப்புகிறேன்.

மகளுக்கும் உங்களுக்கும் புனித அந்தோனியார் துணையிருக்கட்டும். உங்கள் தாயாருக்கும்தான், சொல்லாமல் விட்டால் பாவம்.

அன்புள்ள அத்தை,
மாண்டா

பி.கு.: படத்தை ஸ்டுடியோவில் போட்டு வாங்கினேன். முக்காடு பறந்த இடத்தில், அக்காவின் காதில் அம்மாவின் கம்மல் மாதிரி ஒன்று தொங்குகிறது. பெரிதாக்கச் சொன்னால், பழைய கேமராவில் எடுத்தது, வெறும் புள்ளிதான் வருகிறதாம். உங்கள் கேமராவை அனுப்பவில்லை. சார்ஜரை அடுத்த கப்பலிலேயே அனுப்புங்கள். அதுவரை அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.