ஆறு குழிக்கும் பேர் உண்டு

"தண்ணித்தொட்டி" என்று முணுமுணுத்துவிட்டு அந்த ஆள் அடித்த அடியில், ஒன்பதாம் நம்பர் பந்து பூல் மேசையின் விளிம்பில் மோதித் திரும்பி மூலைக்குழியில் போய் விழுந்தது. நடுவரும் யோசிக்காமல், "சரி, தொடரலாம்" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டார். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

எதிராளி நாற்காலியை விட்டு எழுந்தார். எழுந்தார், எழுந்தார், எழுந்துகொண்டே இருந்தார். அவ்வளவு நெட்டை.

"ஒரு நிமிஷம். நேரா போகாத பந்துன்னா, எந்தக் குழின்னு முதல்லயே சொல்லிட்டுத்தானே அடிக்கணும்?"

"சொன்னாரே."

"என்ன சொன்னார்?"

நடுவர் கேட்டதை அப்படியே சொன்னார். "தண்ணித்தொட்டின்னு."

நெட்டையர் மேசையை ஒரு சுற்று சுற்றி வந்தார். ஒவ்வொரு குழியாகக் குனிந்து பார்த்தார். "தண்ணி எங்க இருக்கு?" என்றார்.

நடுவருக்கு வேர்த்துவிட்டது. மற்ற நாட்களில் அவர் கண்ணாடிக் கடை வைத்து ஊருக்கெல்லாம் பார்வை சரிசெய்கிறவர். நடுவர் பரீட்சை எழுதி, பல வருஷம் ஓரமாக நின்று ஸ்கோர் போர்டு மாற்றி, இன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒரு சர்வதேசப் பூல் போட்டியில் நடு மேசையைக் கொடுத்திருந்தார்கள். காலையிலேயே தலைமை நடுவர் கூப்பிட்டுச் சொன்னார்:

"ஆடறவங்கள்ல ஒருத்தர் உங்க மொழிக்காரர். அவர்கிட்ட உங்க மொழியில ஒரு வார்த்தை பேசக் கூடாது. ஏதோ சொல்லிக்குடுக்கறீங்கன்னு எதிராளி நினைச்சாலே போதும், மறுபடியும் ஸ்கோர் போர்டுதான்."

அதனால் காலையிலிருந்து வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டுதான் நின்றிருந்தார். ஆனால் காதுக்குப் பூட்டு ஏது?

தண்ணித்தொட்டி. அந்த வார்த்தையைக் கேட்டதும் பழைய இடம் ஒன்று ஞாபகம் வந்தது. முப்பது வருஷம் முன்னால், ஓர் அச்சகத்துக்குப் பின்னால் அச்சகக்காரர் நடத்திய ஹால், தகரக் கூரை போட்ட நீள அறை. உள்ளே ஒரே ஒரு மேசை. சாயங்காலமானால் அவரும் கூட்டாளிகளும் அங்கேதான் பழியாய்க் கிடப்பார்கள். பெண்வாடையே படாத இடம். அங்கே இடது மூலை, வலது மூலை என்றெல்லாம் எவனும் சொன்னதில்லை. பக்கத்தில் என்ன இருந்ததோ அதுதான் குழிக்குப் பேர். எந்த மேசைக்குப் போனாலும் முதல் அடி அடிக்கிற பக்கம் வாசல், அங்கிருந்து கணக்கு. வெளியாள் யாராவது வந்து "வலது மூலை" என்றால், விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

அந்த அறையை இடித்து வண்டி நிறுத்துகிற இடமாக்கிவிட்டார்கள். கூட்டாளிகளும் திசைக்கொருவராகப் போய்விட்டார்கள். ஒருத்தன் முகவரியும் அவரிடம் இல்லை. பழையதை நினைத்துச் சிரிக்கக்கூட இப்போது துணைக்கு ஆள் இல்லை.

அப்படியானால் இந்த ஆள் நம்மாள். சந்தேகமே இல்லை. ஆனால் எந்த நம்மாள்? வழுக்கைத் தலை, தொப்பை, நரைத்த தாடி. உள்ளே ஒளிந்திருப்பது ஒல்லிக்குச்சியா, உருளையா, எப்போதும் கடன் சொல்கிற சோடாவா? "டேய், நீ யாருடா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். அதைத்தான் கேட்கக் கூடாது.

"இனிமே அவர் குழியைக் கையால காட்டணும்" என்றார் நெட்டையர். நியாயமான பேச்சு. நடுவர் நம்மாளிடம் போய் இங்கிலீஷில் சொன்னார். நம்மாள் பேந்தப் பேந்த விழித்தார். சரி, ஜாடையில் சொல்லலாம் என்று நடுவர் குழியைக் காட்டி, அவருடைய கையைக் காட்டி, உதட்டில் விரலை வைத்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

நம்மாள் முகம் வாடிவிட்டது. ஏதோ தப்பு பண்ணிவிட்டோம் போல என்று நினைத்து, குச்சியைச் சாய்த்துவைத்துவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அவர் உட்கார்ந்ததைப் பார்த்ததும், தன் முறை வந்துவிட்டது என்று நெட்டையர் எழுந்து வந்து, மளமளவென்று இரண்டு பந்தை உள்ளே தள்ளிவிட்டார்.

"ஐயோ, உங்க முறை இல்ல" என்று நடுவர் ஓடினார்.

"நீங்கதானே அவரை உட்கார வெச்சீங்க?"

"நான் உட்காரச் சொல்லல, கையைக் காட்டச் சொன்னேன்."

"அவர் எங்க கையைக் காட்டினார்? உட்கார்ந்துல்ல இருக்கார்."

தலைமை நடுவர் வந்து சேர்ந்தார். பந்துகளை எடுத்துப் பழைய இடத்தில் வைக்கச் சொல்லிவிட்டு, மொழிபெயர்க்க ஆள் தேடினார். பேசக் கூடாத நடுவரை விட்டால், அரங்கத்தில் அந்த மொழி தெரிந்தவர் ஒரே ஒருத்தர்தான் கிடைத்தார். முன் வரிசையில் மடியில் பிளாஸ்கோடு உட்கார்ந்திருந்த நம்மாள் மனைவி.

"மனைவி சொன்னா ஒருதலைப்பட்சம் ஆகாதா?" என்று நடுவரே தயங்கினார்.

நெட்டையர் கொஞ்சம் யோசித்தார். "பரவாயில்ல. என் மனைவி ஒருநாளும் என் பக்கம் பேசினதில்ல" என்றார்.

அந்த அம்மா பிளாஸ்கைக் கீழே வைத்துவிட்டு வந்தார். "இங்க பாருங்க, கையைக் காட்டிட்டு அடிக்கணுமாம்."

"கையைத் தூக்கினா குறி போயிடும்னு உனக்குத் தெரியாதா? வாயால சொல்றேன்ல? சட்டத்துல சொல்லணும்னுதானே இருக்கு?"

அம்மா அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னார். தலைமை நடுவர் விதிகளைத் தேடிப் பார்த்தார். சொல்லவேண்டும் என்றுதான் இருந்தது. எந்த மொழியில் என்று இல்லை, என்ன பேர் என்றும் இல்லை.

"அப்படியா சங்கதி? அப்ப எனக்கும் அதே சட்டம்தான்" என்றார் நெட்டையர்.

அடுத்த முறை அவர் குனிந்து, தன் பாஷையில் தொண்டையைச் செருமுவதுபோல் நீளமாக எதையோ சொல்லி அடித்தார். பந்து இரண்டு பக்கம் இடித்து, யாருமே எதிர்பார்க்காத நடுக்குழியில் விழுந்தது.

"இதுதான் சொன்னேன்" என்றார்.

"இதையா?"

"எங்க அத்தை வீடு. வேற எங்க விழும்?"

நடுவரால் மறுக்க முடியவில்லை. தண்ணித்தொட்டியை ஒத்துக்கொண்டவர் அத்தை வீட்டை எப்படி வேண்டாம் என்பார்? அதற்கப்புறம் நெட்டையர் அடித்த பந்தெல்லாம் எந்தக் குழியில் விழுந்ததோ அதுதான் அவர் சொன்ன குழி. கொஞ்ச நேரத்தில் அவருக்கு மூன்று அத்தை வீடு ஆகிவிட்டது. பார்வையாளர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். தலைமை நடுவர் சிரிக்கவில்லை.

"போதும். ஒவ்வொரு குழி பக்கத்துலயும் ரெண்டு பேர் வெச்ச பேரையும் எழுதி ஒட்டுங்க" என்று நடுவரிடம் துண்டுக் காகிதமும் பேனாவும் கொடுத்தார்.

இதைவிட நல்ல வழி இல்லை என்று நடுவருக்கே பட்டது. ஒருவழியாக மானம் தப்பித்தது என்று நினைத்துக்கொண்டார். நெட்டையரிடம் ஒவ்வொரு குழியாகக் கேட்டுக் கேட்டு எழுதினார். எதுதான் உண்மையான அத்தை வீடு என்று முடிவு பண்ண நெட்டையருக்கே நேரம் பிடித்தது.

அப்புறம் மற்ற காகிதங்களை எடுத்தார். எழுத எழுத அந்த அறை கண்முன் வந்து நின்றது. வாசல். பக்கத்தில் ஜன்னல். கதவு மாட்டாத பீரோ. இரண்டு படி உடைந்த மாடிப்படி. தண்ணித்தொட்டி. மின்பெட்டி. கண் கலங்கிவிட்டது, மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஆறையும் ஒட்டி முடித்தார்.

நம்மாள் மேசையைச் சுற்றிப் பார்த்தார். எல்லாம் சரி என்று தலையாட்டினார்.

நெட்டையர் மெதுவாகக் கேட்டார்: "என்கிட்ட ஆறு தடவை கேட்டீங்க. அவர்கிட்ட ஒரு தடவைகூடக் கேக்கல. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நடுவர் கையும் களவுமாக மாட்டிக்கொண்டார். தலைமை நடுவர் அவர் தோளில் கையைப் போட்டார். கோபப்பட்டுத் திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

"நீங்க நல்லவர்தான். ஆனா இந்த மேசைக்கு வேண்டாம். வெள்ளைக் கையுறையைக் குடுத்துட்டுப் போங்க."

அவ்வளவுதான். இத்தனை வருஷம் காத்திருந்த மேசை பாதி ஆட்டத்தில் கைவிட்டுப் போயிற்று. தலைமை நடுவரே கையுறையை மாட்டிக்கொண்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார். நடுவர் அசடு வழிய முன் வரிசைக்கு நடந்தார். காலியாக இருந்தது ஒரே இடம், அந்த அம்மாவுக்குப் பக்கத்தில். அழுகையாக வந்தது. கூடவே, வெட்கத்தை விட்டுச் சொன்னால், கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. இனிமேல் பேசலாம்.

உட்கார்ந்ததும் தமிழில் கேட்டார்: "ஏம்மா, கோவிச்சுக்காதீங்க. உங்க வீட்டுக்காரர் எங்க ஹால்ல யாரு? ஒல்லிக்குச்சியா, உருளையா? எவனாயிருந்தாலும் சரி, கட்டிப் பிடிச்சுக்கணும். முப்பது வருஷமாச்சு."

அவர் தமிழ் பேசியதில் அந்த அம்மா ஆச்சரியப்பட்டதாகவே தெரியவில்லை. மேசையிலிருந்து கண்ணை எடுக்காமல் பிளாஸ்கைத் திறந்து, மூடியில் டீ ஊற்றி அவரிடம் நீட்டினார்.

"அவரா? அவர் அந்த ஹால் பக்கமே வந்ததில்லண்ணா. கல்யாணத்துக்கு அப்புறம்தான் குச்சியையே பிடிச்சார்."

"விளையாடாதீங்கம்மா. அந்தப் பேரெல்லாம் வேற யாருக்கும் தெரியாது. நாங்க பசங்களாச் சேர்ந்து வெச்ச பேரு."

"நீங்க எங்க வெச்சீங்க?" என்றார் அந்த அம்மா. "காலையில ஹால் திறக்கறதுக்கு முன்னாடி அப்பா எனக்கு ஆடச் சொல்லிக்குடுப்பார், அப்ப இடது எது வலது எதுன்னு தெரியாம நான் வெச்ச பேருண்ணா அதெல்லாம்."