எங்கே நிறுத்தினாலும் ஆடுகிறவள்

மனிதர்களில் 'எங்கே நிறுத்தினாலும் ஆடுகிறவர்' என்று ஓர் இனம் உண்டு. கால்பந்து அணிகளில் இவர்கள் தவறாமல் இருப்பார்கள். ஆனால் மைதானத்துக்குள் தேடாதீர்கள். கோட்டுக்கு வெளியே, தண்ணீர்க் கேனுக்குப் பக்கத்தில், பூட்ஸ் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு, யாருக்காவது கால் பிசகாதா என்று ஆசைப்படக்கூடத் தெரியாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

மானாம்பதி பெண்கள் அணியில் இந்த இனத்தின் முதல்தர மாதிரி சுகிர்தா. இருபத்துமூன்று வயது. செருப்புக் கம்பெனியில் ஷிப்ட் வேலை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் நேரே மைதானம். ஆட்டத்தின் நடுவே கோல்கீப்பர் நிஷாவுக்கு விரல் பிசகினால் சுகிர்தா கீப்பர். தடுப்பு வரிசையில் பேக் ஆடும் பிரபாவுக்கு மூச்சு வாங்கினால் சுகிர்தா பேக். ஓரத்தில் ஓடும் விங் பெண்ணுக்குக் கெண்டைக்கால் இழுத்தால் சுகிர்தா விங். அவர்களுக்குக் குணமானதும்? மறுபடி தண்ணீர்க் கேன். மூன்று வருடத்தில் முதல் விசில் ஊதும்போது அவள் ஒருமுறைகூட உள்ளே நின்றதில்லை.

கோச் வேதாசலம் அவளை மதிக்கவில்லை என்று யார் சொன்னது? ஓயாமல் புகழ்ந்தார். புகழ்வதற்கு இடம் காலியாக வேண்டியதில்லையே!

"சார், எனக்கு முன்னால நடுவுல ஆடுற சென்டர்தான் புடிக்கும். ஒரு தபா ஆரம்பத்துலேந்தே எறக்குங்க சார்."

"இன்னாம்மா நீ! உன்ன ஒரே எடத்துல நிக்க வெச்சுட்டா, மீதி எடத்துல ஒண்ணு காலியானா நான் யாரத் தேடிக்கினு ஓடுவேன்? நீ டீமுக்கே சொத்து மா!"

சொத்து பூரித்துப்போய், பழைய இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

இந்த வருடம் உத்திரமேரூர் போட்டியில், அரையிறுதியின் கடைசி இருபது நிமிடம் உள்ளே போய், கூரம் அணிக்கு எதிராக வெற்றி கோலை அடித்தவள் அவள்தான். அடுத்த ஞாயிறு ராஜகுளத்தோடு இறுதி ஆட்டம். மாவட்ட அணிக்கு ஆள் எடுப்பவர் பார்க்க வருகிறார் என்று பேச்சு. திங்கட்கிழமை வேதாசலம் பட்டியலை வாசித்தார். சுகிர்தாவின் பெயர் பன்னிரண்டாவது.

ஷேர் ஆட்டோவில் பக்கத்திலிருந்த பிரபாதான் பொறுக்கமாட்டாமல் சொன்னாள்: "எல்லாந் தெரியும்னு காட்டிக்கினு கீற பாரு, அதான்டி உன் வியாதி."

மறுநாள் பயிற்சியில் சுகிர்தா கோலில் நின்றாள். மெதுவாக உருண்டு வந்த பந்து அவள் கால்களுக்கு நடுவே புகுந்து போனது.

"இன்னாம்மா ஆச்சு?"

"மறந்துபோச்சு சார்."

பேக்கில் நிறுத்தினார், எதிரே வந்தவளுக்கு, கல்யாண வீட்டு விருந்தாளிக்கு விடுவதைப் போல, ஒதுங்கி வழிவிட்டாள். விங்கில் நிறுத்தினார், பந்து ஒரு பக்கம் போக அவள் ஒரு பக்கம் ஓடினாள். சென்டரில் மட்டும் அவள் காலைவிட்டுப் பந்து நகரவில்லை. நான்கு நாள் இதே கூத்து. சனிக்கிழமை வேதாசலம் அவளைத் தனியே கூப்பிட்டார்.

"யோசிச்சுப் பாத்தேன். நாளைக்கு நீ சென்டர், ஆரம்பத்துலேந்து. இது ரொம்ப நாளா எம் மனசுல கீற பிளான்."

பார்த்தீர்களா? எல்லாம் தெரிந்தவளுக்கு மூன்று வருடமாக இல்லாத இடம், ஒன்று மட்டும் தெரிந்தவளுக்கு நான்கே நாளில் கிடைத்தது.

சும்மா சொல்லக்கூடாது, அன்று ஆடினாள். நிஷா பந்தை எந்தப் பக்கம் எறிவாள், பிரபா எப்போது திணறுவாள், விங் பெண்ணுக்கு எந்தக் கால் ராசி எல்லாம் அவளுக்கு அத்துப்படி. எல்லார் இடத்திலும் நின்றவள் அல்லவா? அறுபதாவது நிமிடம் அவள் தள்ளிக் கொடுத்த பந்தை விங் பெண் கோலுக்குள் அடித்தாள். ஒன்றுக்குப் பூஜ்யம். கோப்பை மானாம்பதிக்கு.

மாவட்டத்துக்காரர் நோட்டோடு வந்தார்.

"நல்லா ஆடுனம்மா. ஆனா எங்ககிட்ட சென்டருக்கு ஆள் இருக்கு. பேக்தான் காலி. ஆடுவியா?"

"ஆடுவா சார்!" என்று பின்னாலிருந்து பாய்ந்தார் வேதாசலம்.

பேக் சுகிர்தாவுக்கு நன்றாகவே வரும். தலையை ஆட்டினால் போதும்.

"இல்ல சார். சென்டர்னா வரேன்."

அவர் நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டார். ஊர் வந்து சேரும்வரை பிரபாவின் தோளில் சாய்ந்து அழுதாள். வேதாசலம் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. பதினோராம் நாள் மாவட்டத்திலிருந்து போன் வந்தது. சென்டருக்கு ஆள் பார்க்கும் ஆட்டத்துக்கு வரச் சொன்னார்கள், போனாள், ஆடினாள். இப்போது மாவட்ட அணியில் சென்டர் அவள்தான், முதல் விசிலிலிருந்தே.

சந்தோஷம். ஆனால் ஒரு சின்ன சந்தேகம். அந்த மனிதர் நோட்டை மூடியபோது, "அடிப் பைத்தியமே, சரின்னு சொல்லித் தொலையேன்!" என்று பதறினீர்களே, ஏன்? ஆபீசிலோ குடும்பத்திலோ உங்கள் இடம் எது என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்டால், "எதுவானாலும் பரவாயில்லைங்க" என்பீர்கள்.