மெட்னி நானாவும் பார்க்காத முடிவும்

பெற்றோல் கியூவில் நின்றுகொண்டே ஒரே படத்தை நான்கு தடவை பார்த்த மனிதர் இந்த நாட்டில் ஒருவர்தான்: மாத்தளையில் ஆட்டோ ஓட்டும் மெட்னி நானா. ஆனால் முடிவை மட்டும் ஒரு தடவையும் பார்க்கவில்லை. நடந்தது இது:

1. திங்கள். இடைவேளை முடிந்ததும் கரண்ட் போனது. தியேட்டர் ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை.
2. செவ்வாய். பெற்றோல் பவுசர் லொறி வந்துவிட்டதென்று யாரோ கத்த, பாட்டின் நடுவில் எழுந்து ஓடினார். வந்தது தண்ணீர் பவுசர்.
3. புதன். வில்லன் கதாநாயகனைக் கட்டிப்போட்ட இடத்தில் மறுபடியும் கரண்ட் போனது.
4. வியாழன். அதற்குத்தான் வருகிறேன்.

எரிபொருள் தட்டுப்பாட்டில் இலங்கையே வரிசையில் நின்ற வருடம் அது. சீமெந்து இல்லாததால் நான் கணக்கெழுதும் கட்டட நிறுவனத்தில் வேலையும் இல்லை. நானாவின் ஆட்டோவுக்குப் பின்னால் என் ஸ்கூட்டர். முன்னால் மரக்கறி விற்கும் செல்வா அண்ணனின் மோட்டார் சைக்கிள். யாரும் இன்ஜினை ஸ்டார்ட் செய்வதில்லை. வரிசை நகர்ந்தால் கையால் தள்ளுவோம். நானா மெட்னி என்கிற மத்தியானக் காட்சிக்குப் போய்விடுவதால் அவருடைய ஆட்டோவைத் தள்ளுவதும் எங்கள் பொறுப்பு.

"வீட்டுல அரிசி முடியப்போகுது, இவருக்குப் படம் கேக்குது," என்பார் செல்வா அண்ணன்.

"அரிசி இல்லாட்டி பக்கத்து வீட்டுல கேக்கலாம். படம் இல்லாட்டி யாருக்கிட்ட கேக்கிற?" என்பார் நானா.

வியாழக்கிழமை உண்மையான பவுசரே வந்தது. வரிசை விறுவிறுவென்று நகர்ந்தது. சாரதி இல்லாத வண்டியை ஓரங்கட்டச் சொன்னார்கள். என் ஸ்கூட்டரைச் செல்வா அண்ணனிடம் ஒப்படைத்துவிட்டுத் தியேட்டருக்கு ஓடினேன்.

"நானா! பெற்றோல்!" என்று இருட்டில் கத்தினேன். பத்துப் பேர் எழுந்தார்கள்.

நானா எழவில்லை. "எத்தன வண்டி முன்னுக்கு இரிக்கி?"

"ஆறு."

"ஆறுக்கு நேரம் போகும். இப்பதான் கட்ட அவுக்கிறான்."

"இன்னைக்கு விட்டா அடுத்த பவுசர் எப்பன்னு யாருக்கும் தெரியாதுங்க நானா. அப்புறம் எதை வச்சு ஹயர் ஓடுவீங்க?"

திரையைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து வந்தார். வாசலில் என் காலை மிதித்தார்.

பெற்றோல் கிடைத்தது. ஆஸ்பத்திரிக்குப் போகக் காத்திருந்த ஒரு குடும்பம் அங்கேயே ஆட்டோவில் ஏறிக்கொண்டது. நாலு நாளில் முதல் ஹயர், விட முடியாது. நானா பாதி டிக்கெட்டை என் கையில் திணித்தார். "ஓடுங்க தங்கச்சி, சண்டை இன்னும் முடிஞ்சிரிக்காது. பாத்துட்டு வந்து சொல்லுங்க."

பார்த்தேன். மறுநாள் ஆட்டோ ஸ்டாண்டில் சொன்னேன்: "ஒண்ணு, வில்லன் பாலத்துல இருந்து விழுந்து சாகிறான். ரெண்டு, கதாநாயகனோட அண்ணன் உயிரோட இருக்கிறாரு. மூணு, கல்யாணம்."

இன்னும் வரும் என்று நானா என் வாயையே பார்த்தார். "அவ்வளவுதானா? சீமெந்துக் கணக்கு வாசிக்கிற மாதிரி சொல்றீங்களே தங்கச்சி!"

அன்றைக்கே முடிவைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். அவர் சொன்ன கதையில் வில்லன் திருந்தினான். கல்யாண வீட்டு வாசலில் தாய் வந்து நின்றாள்.

"தாய்தான் இடைவேளைக்கு முந்தியே செத்துட்டாங்களே?" என்றார் செல்வா அண்ணன்.

"அது ஆஸ்பத்திரியில ஆள் மாறின."

ஸ்டாண்டில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள்.

இப்போது பெற்றோல் வரிசையில்லாமல் கிடைக்கிறது. நானாவுக்கு ஹயரும் ஓடுகிறது. சென்ற மாதம் அந்தப் படத்தைத் தொலைக்காட்சியில் போட்டார்கள், அவர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். தாய் வரவே இல்லை. எனக்குத்தான் என்னமோபோல் இருந்தது.