விட்டுக்கொடுக்கும் சார்ஜர்

அன்புள்ள சித்திக்கு,

நீங்கள் நலம் என்று நம்புகிறேன். நான் நலமா என்பது அம்மா விழித்துக்கொள்வதைப் பொறுத்தது. வயர் பற்றி இனிப் பேச்சே கூடாது என்று உத்தரவு. அதனால் குளியலறையில் ஒளிந்து எழுதுகிறேன்.

சித்தி, ஜெயித்துவிட்டேன். அப்பாவின் மின்சார வேனை எங்கள் குடியிருப்பிலேயே சார்ஜ் போட அனுமதி கிடைத்துவிட்டது. கிடைக்காவிட்டால் வேனை விற்பதாக இருந்தார். வேனும் லிஃப்டும் சேர்ந்து கரன்ட் இழுத்தால் பொது லைனில் ஃபியூஸ் போய்விடும் என்பது குடியிருப்புச் சங்கச் செயலாளரின் ஒரே பாட்டு. லிஃப்ட் ஓடும்போது வேன் குறைத்துக்கொள்ளட்டும், நின்றதும் கூட்டிக்கொள்ளட்டும் என்று கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டினேன். "கம்ப்யூட்டர்ல நான்கூட விமானம் ஓட்டுவேன் பாப்பா. நிஜத்துல காட்டு" என்றார்.

நிஜ சார்ஜரை என்னிடம் யார் தருவார்கள்? பள்ளி மேடையில் கழித்துப்போட்ட ஃபோகஸ் லைட்டுகளை வரிசையாக மாட்டி, இதுதான் சார்ஜர் என்று வைத்துக்கொண்டேன். லைனில் போகும் கரன்ட்டை அளக்க ஒரு வளையம். கரன்ட் அதிகமானால் ஒரு லைட்டை அணை, குறைந்தால் ஒன்றைப் போடு. இரண்டே கட்டளைதான், அவற்றையும் இடம் மாற்றி எழுதித் தொலைத்தேன். லிஃப்ட் கிளம்பியதும் லைட்டுகள் அணைவதற்குப் பதில் ஒவ்வொன்றாகப் பற்றிக்கொண்டு சர்க்கஸ் கூடாரம்போல ஜொலிக்க, ஃபியூஸ் போய், லிஃப்ட் நடுவழியில் நிற்க, உள்ளே இருந்தவர் செயலாளர். அம்மா சொன்னது ஒன்றுதான்: "இனி வயரைத் தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்."

அப்பா கெஞ்சி இன்னொரு வாய்ப்பு வாங்கித் தந்தார். கட்டளைகளைச் சரியான இடத்துக்கு மாற்றி எழுதினேன். இந்த முறை செயலாளர் லிஃப்டில் ஏறவில்லை, மனைவியை ஏற்றிவிட்டார். லிஃப்ட் கிளம்ப லைட்டுகள் ஒவ்வொன்றாக அடங்கின. நின்றதும் ஒவ்வொன்றாக எரிந்தன. படிக்கட்டு முழுக்கக் கைதட்டல். அதே இரண்டு கட்டளைகளை எலக்ட்ரீஷியன் நிஜ சார்ஜரில் ஏற்றிவிட்டார். அப்பா வேனுக்குப் பக்கத்திலேயே நின்று, குழந்தை பால் குடிப்பதைப்போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சித்தப்பாவுக்கு என் வணக்கம். தங்கைக்கு முத்தம். எனக்கு ஆசி கொஞ்சம் தாராளமாகவே அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகள்

பின்குறிப்பு: பூனைபோல இறங்கிப் பார்த்துவிட்டு வந்தேன். வேனில் சார்ஜே ஏறவில்லை. செயலாளர் தன் மைத்துனர் குடும்பத்தை லிஃப்டில் ஏற்றி இறக்கி, "பாத்தீங்களா, லிஃப்ட் ஓடினா வேன் அடங்கிடும். எல்லாம் என் ஐடியா" என்று காட்டிக்கொண்டிருக்கிறார். என் சார்ஜரோ மகா மரியாதைக்காரன், ஒவ்வொரு தடவையும் விட்டுக்கொடுக்கிறான். அப்பா விடிவதற்குள் லோடு ஏற்றப் போகவேண்டும். எனவே அவர்கள் வேனைச் சுற்றி நின்ற சமயம் பார்த்து, லிஃப்ட் கதவில் 'பழுது' பலகையை மாட்டிவிட்டு ஓடிவந்துவிட்டேன். செயலாளர் வீடு கடைசி மாடி. மூச்சிரைப்பு இங்கே வரை கேட்கிறது. கீழே வேன் முழுக் கரன்ட்டையும் இழுத்துக்கொண்டிருக்கிறது.