திருப்பிப் போட்ட புகார்க் கோடு

மைசூர் விஜயநகரின் புது லேஅவுட் ஒன்றில் குழாய் போட்டார்கள். தண்ணீர் விட மறந்துவிட்டார்கள். அந்த மறதியை மேற்பார்வையிட 1994-ல் ஒரு கிளை அலுவலகம் திறக்கப்பட்டது. எல்லா அலுவலகங்களும் தங்கள் சாதனையை கிராஃப் போட்டுச் சுவரில் மாட்ட வேண்டும் என்று அப்போது ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது.

அங்கே சாதனை என்று இருந்தது புகார் மட்டும்தான். திறந்த அன்று ஒன்று. ஒரு மாதத்தில் இரண்டு, பிறகு நான்கு, எட்டு என்று இரட்டித்துக்கொண்டே போய், ஏழாம் மாதம் மொத்தம் நூற்றிருபத்தெட்டு. படம் வரையும் டிரேசர் அமலதாஸ், அடியில் மாதத்தையும் பக்கத்தில் புகாரையும் குறித்துக் கோடு போட்டார். அது கொஞ்ச தூரம் தரையோடு தவழ்ந்து, திடீரென்று கூரையைப் பார்த்துக் கிளம்பியது.

"அய்யோ தேவரே, கடவுளே! நாளைக்கு இன்ஸ்பெக்ஷனுங்க. இதைப் பாத்தா என்னைக் குல்பர்காவுக்குத் தூக்கி அடிச்சிருவாங்க" என்றார் கொள்ளேகால்காரரான அதிகாரி கெம்பையன். "கோட்டை நூறு கட்டம் கீழே இறக்குங்க."

"இறக்கலாம் சார். திறந்த அன்னிக்கு மைனஸ் தொண்ணூத்தொம்பது புகார்னு வரும்."

"அப்படின்னா?"

"ஜனங்க மேல நாமதான் தொண்ணூத்தொம்பது புகார் குடுக்கணும் சார்."

அதற்குப் படிவம் இல்லாததால் யோசனை கைவிடப்பட்டது.

அமலதாஸ் டிரேசிங் தாளின் எதிரெதிர் மூலைகளைப் பிடித்துக் கவிழ்த்தார். நின்ற அச்சு படுத்தது. படுத்த அச்சு நின்றது. பாய்ந்த கோடு சற்று ஏறிவிட்டு, அப்புறம் சோம்பலாகச் சாய்ந்துகொண்டது. அடியில் 'மாதம்', பக்கத்தில் 'புகார்' என்று பழைய இடங்களிலேயே மறுபடி எழுதினார். இப்போது நூற்றிருபத்தெட்டாம் மாதத்தில் ஏழே புகார்! கெம்பையனுக்குக் கண் கலங்கிவிட்டது.

இன்ஸ்பெக்ஷன் அமோகமாக முடிந்தது. மறுநாள், கடைசிப் புகாரைக் கொடுத்த ரோசலின் வந்தார். காலேஜில் கணக்கு லெக்சரர். ஏழு மாதமாகப் பக்கத்து லேஅவுட்டிலிருந்து குடம் சுமந்து இடுப்பு போயிருந்தது.

"கிராஃப் பிரகாரம் பத்து வருஷம் எட்டு மாசத்துக்கு ஏழு புகார்தானுங்க மேடம். உங்களது கணக்கிலேயே இல்லை" என்றார் கெம்பையன்.

"சார், இது எக்ஸ்பொனென்ஷியல் கோடு! கவுத்து லாகரிதக் கோடா ஆக்கியிருக்கீங்க. அச்சைத் திருப்பினா அதோட பேரையும் சேர்த்துத் திருப்பணும். என் பியூசி பசங்க இப்படிப் போட்டா முட்டை மார்க்!"

கெம்பையன் குரலைத் தாழ்த்தினார். "சும்னே இருங்க மேடம். அந்த ஏழு புகார்ல ஒரு இடம் காலியிருக்கு, உங்களுக்குத் தர்றேன். கிராஃப் சரின்னு எழுதிக் குடுங்க, நாளைக்கே தண்ணி. வெளியே சொல்லிடாதீங்க."

ரோசலின் வாசலில் வைத்திருந்த இரண்டு காலிக் குடங்களைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். கணக்கைக் கொன்ற பாவம் அவரைச் சேரட்டும் என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் நானும் அந்தத் தெருக்காரன்.

மறுநாள் தண்ணீர் வரவில்லை. ஆனால் 'கிராஃப் சரி' என்ற கடிதங்கள் இரண்டாயின. அதற்கு மறுநாள் நான்கு. காலியான அந்த ஓரிடம் தனக்கு மட்டும்தான் என்று நம்பி, ஏழாம் நாளுக்குள் புகார் கொடுத்த நூற்றிருபத்தெட்டுப் பேரும் ரகசியமாக எழுதிக் கொடுத்திருந்தோம். என்னுடையது அறுபத்து மூன்றாவது.

அந்தக் கடிதங்களுக்கும் அமலதாஸ் ஒரு கிராஃப் போட்டார். தரையோடு தவழ்ந்து கூரையைப் பார்த்துக் கிளம்பும் அதே கோடு. அதை யாரும் கவிழ்க்கவில்லை. கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார்கள்.