கண்ணாயி காலில் ஒரு கிளைக் கிடங்கு

மிளகு வியாபாரத்துக்கு நாக்கை விடக் கால்தான் முக்கியம் என்பது மாரமங்கலம் கண்ணாயியின் தீர்மானமான கருத்து. நாக்கு விலை கேட்கும், அவ்வளவுதான். விலையைக் குறைப்பது கால். "சரிங்க, உங்க மொளகு உங்க ஊட்டுலயே பத்திரமா இருக்கட்டுங்க" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று திரும்பி நடக்க வேண்டும். நடையில் கோபம் தெரிய வேண்டும். ஆனால் பின்னாலிருந்து கூப்பிட்டால் காதில் விழாத தூரத்துக்குப் போய்விடக் கூடாது. பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாத கண்ணாயி இந்த ஒரு நடையை வைத்துக்கொண்டுதான், தலைச்சுமையில் ஆரம்பித்து, சேர்வராயன் மலை முழுக்கக் கொள்முதல் பண்ணுகிற ஆளாக வந்திருந்தாள்.

மலைக்குக் கலர் டிவி வந்து சேர்ந்த வருஷம் அது. கரடியூரில் ஒரு காப்பித் தோட்டக்காரரிடம் பேரம் படியவில்லை. கண்ணாயி வழக்கம்போலத் திரும்பி நடந்தாள். கூப்பிடுகிறாரா என்று ஓரக்கண்ணால் பின்னால் பார்த்துக்கொண்டே நடந்தாள். அவர் கூப்பிடத்தான் செய்தார்.

"அம்மா, நில்லுங்க! கல்கட்டு! முன்னால கல்கட்டு!"

எத்தனை தோட்டக்காரர்களைப் பார்த்தவள்! இதுவும் ஒரு பேரத் தந்திரம் என்று முடிவு செய்து, இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தாள். தோட்டத்தின் ஓரத்தில் ஆள் உயரத்துக்கு மண் சரியாமல் கட்டியிருந்த கல்கட்டின் மேல்விளிம்பு அங்கே வந்துவிட்டிருந்தது. கீழே போய் விழுந்தபோது வலது காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது.

ஏற்காட்டில் அப்போது 'மலைநாட்டு எலும்பு நல மேம்பாட்டு மருத்துவமனை' என்று அரசாங்கம் நடத்திய ஒன்று இருந்தது. பெயர்ப்பலகை கட்டடத்தை விடக் கொஞ்சம் நீளம். அதில் தேவசிகாமணி என்று ஓர் இளம் டாக்டர். சென்னையில் ஏதோ மாநாட்டுக்குப் போனவர், சோதனை முறையில் உபயோகிக்க ஒரு புதுவகைத் தகட்டை வாங்கி வந்திருந்தார். கண்ணாயியின் புண்ணைக் கழுவிக்கொண்டே அதைப் பற்றிச் சொன்னார்.

"எலும்பைச் சேத்துப் பிடிக்க உள்ள ஒரு தகடு வெக்கணும்மா. இந்தத் தகட்டு மேலயே மருந்து பூசியிருக்கு. உள்ள இருந்தபடியே கொஞ்சம் கொஞ்சமா கசியும். சீழ் பிடிக்காது, எலும்பும் சீக்கிரம் கூடும்."

"கடலை உருண்டைக்குப் பாகு புடிச்ச மாதிரிங்களா?"

"அதேதான்."

"பாகு கரைஞ்சு போச்சுன்னா?"

"கரையறதுக்குத்தான் பூசறதே. அது கரைஞ்சு முடியறதுக்குள்ள எலும்பு ஒட்டிக்கும்."

"பாகு இல்லாத தகட்டை வெச்சா?"

டாக்டர் குரலைத் தணித்தார். "எலும்புல மண்ணு பட்டிருக்கும்மா. சீழ் வெச்சுட்டா காலை எடுக்கவேண்டி வந்தாலும் வரும்."

கண்ணாயி வாழ்க்கையில் முதன்முறையாகப் பேரம் பேசாமல் "சரிங்க சாமி, வெச்சிருங்க" என்றாள். அந்தத் தகட்டைக் கிடங்கு அலமாரியிலிருந்து எடுத்து வரும்படி டாக்டர் ஆளனுப்பினார். பிரச்சினை அங்கேதான் தொடங்கியது.

அந்த மருத்துவமனையில் இரண்டு கிடங்குகள். இரும்புச் சாமான்களுக்கு முனியப்பன் பொறுப்பு. மருந்துகளுக்கு அற்புதம் அம்மாள் பொறுப்பு. முனியப்பன் தகட்டை மூக்கருகே வைத்து முகர்ந்து பார்த்தார்.

"மருந்து வாடை வருதுங்க. இரும்புக் கிடங்கிலிருந்து மருந்து வழங்க எனக்கு அதிகாரம் இல்லை."

அற்புதம் அம்மாள் அதை மேசையில் தட்டிப் பார்த்தார். டங் என்றது.

"இது இரும்பு. மருந்துன்னா கண்ணாடிச் சீசால இருக்கணும், இல்ல பொட்டலத்துல இருக்கணும். டங்குன்னு சத்தம் வர்ற மருந்தை என் சர்வீஸ்ல பாத்ததில்லை."

"அம்மா, அங்க ஒரு பொம்பளை கால் திறந்து கெடக்குது!" என்றார் டாக்டர்.

"அதுக்காகத்தான் டாக்டர், விதிப்படி போகணும்ங்கறோம். விதி மீறி வெச்சா, நாளைக்கு எடுக்கச் சொன்னாலும் சொல்லுவாங்க. அந்தப் பொம்பளைக்குத்தானே கஷ்டம்?" என்றார் அற்புதம் அம்மாள்.

இரு தரப்பும் கண்ணாயியின் நலனில் இவ்வளவு அக்கறை காட்டியதால் விவகாரம் நிர்வாக அலுவலர் மரியஜோசப்பிடம் போனது. அவர் இரண்டு பக்க நியாயத்தையும் கேட்டு, முதலில் ஒரு சமரசத் தீர்ப்பு வழங்கினார். தகட்டிலிருக்கும் மருந்தைச் சுரண்டிப் பொட்டலம் கட்டி அற்புதம் அம்மாள் வழங்குவது. சுரண்டிய தகட்டை முனியப்பன் வழங்குவது. டாக்டர் இரண்டையும் தம் பொறுப்பில் காலுக்குள் ஒன்றாகச் சேர்த்துக்கொள்வது.

படுக்கையில் கிடந்த கண்ணாயி இதைக் கேட்டதும் போட்ட சத்தம் ஏரியில் படகு ஓட்டிக்கொண்டிருந்தவர்களுக்குக் கேட்டது.

"ஏனுங்க, பாகை வழிச்சுப்போட்டு உருண்டையத் தனியா தின்னுவீங்களா நீங்க? மனுசக் காலா, உங்க ஊட்டு அஞ்சறைப் பெட்டியா?"

எழுந்து கோபித்துக்கொண்டு நடக்க முடிந்திருந்தால் அந்த இடத்திலேயே தீர்ப்பை மாற்றியிருப்பாள். அது முடியாததுதான் அவளுக்கு எலும்பு முறிந்ததை விடப் பெரிய வேதனையாக இருந்தது. ஆனாலும் சத்தத்துக்கும் ஒரு பலன் உண்டு. மரியஜோசப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் புதிதாக யோசித்தார். யோசனையின் முடிவில், அரசு மருத்துவத் துறையில் அதுவரை யாருக்கும் தோன்றாத ஓர் ஆணை பிறந்தது.

மருந்து தகட்டிலிருந்து உடனே வழங்கப்படுவதில்லை; சிறுகச் சிறுகத்தான் வழங்கப்படுகிறது. அதுவரை அது இருப்பில் இருக்கிறது. இருப்பு இருக்கிற இடம் கிடங்கு. எனவே மேற்படி கண்ணாயியின் வலது கால், முழங்காலுக்குக் கீழ் கணுக்காலுக்கு மேல் உள்ள பகுதி, பொதுநலன் கருதி மருந்துக் கிளைக் கிடங்காக இதன்மூலம் அறிவிக்கப்படுகிறது. தகடு வழங்கப்படவில்லை, இடம் மாற்றப்படுகிறது. ஆகவே வழங்கும் அதிகாரம் பற்றிய கேள்வியே எழவில்லை.

எல்லோருக்கும் நிம்மதி. டாக்டர் தகட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்.

கண்ணாயி கண் விழித்தபோது கட்டிலின் கால்மாட்டில் ஒரு பலகை தொங்கியது. கனத்த தேக்கு, நல்ல பெரிய எழுத்து. 'அரசு மருந்துக் கிளைக் கிடங்கு. அனுமதியின்றி உள்ளே நுழையக் கூடாது.' பக்கத்தில் ஒரு முக்காலியில் முனியப்பன் உட்கார்ந்திருந்தார்.

"நீங்க எதுக்குங்க இங்க?"

"நான்தாங்க கிடங்குக் காப்பாளர். சரக்கு மருந்துன்னாலும் தகடு இரும்பாச்சே, இந்தக் காலுக்கு என்னைப் போட்டிருக்காங்க."

"எங்காலுக்கு நான் இருக்கறனே?"

"நீங்க தனியார்ங்க. கட்டடம் உங்களுது, சரக்கு அரசாங்கத்துது. சொறியறதுன்னா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுச் சொறிங்க."

கண்ணாயி முதலில் கையில் அகப்பட்ட டம்ளரை அவர்மேல் எறிந்தாள். அப்புறம் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்து யோசித்தாள். வியாபாரிக்கு யோசனை வந்துவிட்டால் கோபம் தங்காது.

"ஏனுங்க முனியப்பன், கெடங்குன்னா அதுக்கு ஞாயித்துக்கெழமை லீவு உண்டுங்களா?"

"உண்டுங்க."

"கெடங்கு ஒரு எடத்துல இருந்து இன்னொரு எடத்துக்குப் போகணும்னா? பஸ்ஸுல இடிச்சுத் தள்ளிக்கிட்டுப் போகலாமா?"

முனியப்பன் திடுக்கிட்டார். "அய்யோ, அரசாங்கச் சரக்குங்க! வாகனம் போட்டுத்தான் போகணும்."

அப்படித்தான் மாரமங்கலத்துக்கு ஜீப் வந்தது. கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு கண்ணாயி பின்னால் உட்கார, முனியப்பன் பலகையை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார, கிளைக் கிடங்கு மிளகுத் தோட்டம் தோட்டமாகப் போனது. ஜீப்பைப் பார்த்ததும் தோட்டக்காரர்கள் தாமாகவே விலையை இறக்கினார்கள். அரசாங்கத்தோடு எதற்கு வம்பு?

மலையில் எது புதிதாக வந்தாலும் மற்றவர்களுக்கும் அது வேண்டும். பூச்சுத் தகடு இல்லாதவர்கள் ஏதோ குறைப்பட்டவர்கள் போல ஆனார்கள். முன்பு வெறும் தகடு வைத்துக்கொண்டவர்கள் அதை வெளியில் சொல்லாமல் மறைத்தார்கள். ஓர் எஸ்டேட் ரைட்டர், எலும்பு எதுவும் முறியாத நிலையிலேயே, முன்கூட்டி ஒரு தகடு வைத்துவிடும்படி டாக்டரிடம் சிபாரிசுக் கடிதத்தோடு வந்து நின்றார். சேர்வராயன் கோயில் திருவிழாவில் இளவட்டங்கள் லேசாக நொண்டி நடந்தார்கள். அப்படி நடப்பவர்களைத்தான் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இதற்கிடையில் யாரும் கவனிக்காத ஒன்று நடந்துகொண்டிருந்தது. கண்ணாயியின் எலும்பு கூடிவிட்டது. சீழ் இல்லை, காய்ச்சல் இல்லை. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சின்னப் பையன் போலச் சிரித்தார். "மருந்து பூரா கரைஞ்சு வேலையை முடிச்சிருச்சும்மா!"

அந்தச் சந்தோஷத்தில் அவர் அதை மேலிடத்துக்கு எழுதியும் போட்டார். அவ்வளவுதான். சேலத்திலிருந்து இருப்புச் சரிபார்ப்பு அதிகாரி மலையேறி வந்துவிட்டார்.

"கிடங்குல இருந்த மருந்து எங்கே?"

"கரைஞ்சு போச்சு சார். அதுதான் வைத்தியம்" என்றார் டாக்டர்.

"கிடங்குச் சரக்கு கரைஞ்சு போச்சுன்னு நான் எழுதிட்டா, நாளைக்கு எலி தின்னுருச்சுன்னு எழுதறவனை எப்படிக் கேக்கறது? மருந்து வழங்கப்பட்டிருந்தா, வாங்கினது யாரு?"

"கால் வாங்கிச்சு சார்."

"கால்தான் கிடங்கு. கிடங்கு தனக்குத்தானே வழங்கிக்க முடியாது." அதிகாரி பேனாவை மூடினார். "இது பற்றாக்குறை. நேரடிச் சரிபார்ப்பு செய்யணும். திறங்க."

"எதை சார்?"

"கிடங்கை."

கண்ணாயி காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். கூடின காலை மறுபடி கிழிப்பதா? முனியப்பன் முகம் வெளிறி நின்றார். பற்றாக்குறைக்குப் பொறுப்பு அவர். மரியஜோசப் ஜன்னல் வழியாக மலையழகை ரசிக்கத் தொடங்கினார்.

அப்போதுதான் கண்ணாயிக்கு ஒன்று உறைத்தது. கால் கூடிவிட்டதே! சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"சரிங்க, உங்க சட்டம் உங்க ஆபீசுலயே பத்திரமா இருக்கட்டுங்க" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வாசலைப் பார்த்து நடந்தாள். கோபம் தெரிந்தது, வேகம் அளவாக இருந்தது.

"அம்மா! நில்லுங்க! கிடங்கு அனுமதியில்லாம வளாகத்தை விட்டு வெளியே போகக் கூடாது!"

கூப்பிட்டுவிட்டார். இனி வியாபாரம் முடிந்த மாதிரிதான். கண்ணாயி வாசற்படியில் நின்று, திரும்பாமலே பேசினாள். "தெறக்காம பாக்க வழியிருந்தா நிக்கறனுங்க. இல்லீன்னா உங்க கெடங்கு இப்பவே மாரமங்கலம் போகுது. அப்பறம் கெடங்கே காணாமப் போச்சுன்னு எழுதிக்கோங்க."

மருந்து காணவில்லை என்று எழுதுவதை விடக் கிடங்கு காணவில்லை என்று எழுதுவது ரொம்பக் கஷ்டம் என்று அதிகாரிக்கும் தெரியும். மேலும் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. குனிந்து, கண்ணாயியின் முழங்காலுக்குக் கீழே பேனாவால் தட்டினார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்தார்கள்.

"சத்தம் கெட்டியா இருக்கு" என்றார் அதிகாரி. "இருப்பு முழுமையாக உள்ளது."

"சார், அது எலும்புச் சத்தம்!" என்ற டாக்டரை யாரும் பொருட்படுத்தவில்லை. அதிகாரி கையெழுத்துப் போட்டார், முனியப்பன் போட்டார், மரியஜோசப் போட்டார், கண்ணாயி கைநாட்டு வைத்தாள். எல்லோருக்கும் காப்பி வந்தது.

அடுத்த மாதம் டாக்டர் புதுத் தகடுகள் கேட்டு எழுதினார். கிளைக் கிடங்கில் இருப்பு முழுமையாக உள்ள நிலையில் புதிய கொள்முதல் தேவையற்றது என்று பதில் வந்தது. அவர் மாரமங்கலத்துக்கே வந்து கெஞ்சினார்.

"காலியாயிருச்சுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா. நாளைக்கு யாருக்காவது ஒடிஞ்சா என்ன பண்றது?"

"சொன்னா கத்தியத் தூக்கிட்டு வருவாங்க. ஜீப்பும் போயிரும். ஒடியறப்ப பாத்துக்கலாம் சாமி, காப்பி குடிங்க."

ஒடிந்தது. கரடியூரில், அதே தோட்டக்காரரிடம், ஜீப்பின் மேல் பின்பக்கம் நின்றபடியே கண்ணாயி பேரம் பேசிக்கொண்டிருந்தாள். படியவில்லை. "உங்க மொளகு உங்க ஊட்டுலயே..." என்று திரும்பி நடந்தாள். ஜீப் மேல் நிற்கிறோம் என்பது அவளுக்கு மறந்துபோயிருந்தது. தோட்டக்காரர் இந்தத் தடவை கூப்பிடவில்லை. போன தடவை கூப்பிட்டு என்ன பலன்?

இடது கால். நல்லவேளையாகத் தோல் கிழியவில்லை.

டாக்டர் தகடு கேட்டு அவசரமாக ஆளனுப்பினார். சேலத்திலிருந்து பதில் மறுநாளே வந்தது. அந்த அலுவலகத்தில் அப்படி ஒரு வேகத்தை யாரும் கண்டதில்லை. முனியப்பன் வாசித்தார்: "மேற்படி நபரின் வலது காலில் முழு இருப்பு உள்ளதாக அவரே ஒப்புக்கொண்டுள்ளார். எனவே வலது காலைத் திறந்து, தகட்டை இடது காலுக்கு மாற்றிக்கொள்ளவும். கிளைக் கிடங்கு இயங்கும் இடத்துக்குச் சாதாத் தகடும் வழங்க இயலாது."

கண்ணாயி தன் கட்டை விரலைத் திருப்பிப் பார்த்தாள். அவள் வைத்த கைநாட்டு அல்லவா?

"தகடு இல்லாம கூட்டப் பாக்கறேன். அசையாம கெடந்தாப் போதும்" என்று சொல்லி, டாக்டர் காலை நேராக்கிப் பிடித்துக்கொண்டு, வைத்துக் கட்டுவதற்குக் கெட்டியாக ஏதாவது வேண்டுமென்று சுற்றுமுற்றும் தேடினார். ஆள்விட்டு மருத்துவமனை முழுக்கத் தேடியும் கெட்டியான பொருள் ஒன்றுதான் கிடைத்தது. முனியப்பனின் மடியிலிருந்த தேக்குப் பலகை. அதைப் பிடுங்கி இடது காலோடு சேர்த்து வைத்து இறுகக் கட்டினார். அன்றைக்கு அந்தக் கிளைக் கிடங்கால் மலைநாட்டு எலும்புக்குக் கிடைத்த ஒரே உதவி அதுதான்.

சில நாள் கழித்து வருடாந்திர ஆய்வுக்கு வந்த அதே அதிகாரி, கட்டிலருகே வந்து நின்று பலகையை ஒரு தடவை நிதானமாக வாசித்தார். வலது காலைப் பார்த்தார். இடது காலைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பரவாயில்லையே! ரெண்டாவது கிளையும் திறந்துட்டீங்களா?"

மரியஜோசப் அடக்கமாகத் தலையாட்டினார். வார்டில் கட்டுப் போட்டுக் கிடந்தவர்கள்கூட, என்ன ஏதென்று தெரியாமல், முடிந்த கையால் தட்டினார்கள். அதிகாரி பலகையைப் பேனாவால் தட்டினார். கெட்டியாகச் சத்தம் வந்தது. இருப்பு முழுமையாக உள்ளது என்று எழுதி, கைநாட்டுக்காகக் கண்ணாயியின் பக்கம் நீட்டினார்.

"வேண்டாம்மா" என்றார் டாக்டர் மெதுவாக.

கண்ணாயி டாக்டரைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே நின்ற ஜீப்பைப் பார்த்தாள். கட்டை விரலை மையில் தொட்டுக்கொண்டு, காகிதத்துக்கு மேலே அப்படியே பிடித்தபடி கேட்டாள்:

"ஏனுங்க, இந்தக் காலுக்குத் தனி ஜீப்புங்களா, இல்ல ரெண்டுக்கும் ஒண்ணுதானுங்களா?"