வாழ்ந்தவருக்கு நடிப்பு விருதா?

மனித நாகரிகம் நெருப்பில் தொடங்கி, சக்கரத்தில் உருண்டு, கடைசியில் எங்கள் ‘அகில உலக நடிப்பு ஆய்வு மன்ற’த்தில் வந்து நிறைவடைந்தது என்பது என் தாழ்மையான கருத்து. மன்றம் கைப்பேசிக்குள் இருக்கிறது. உறுப்பினர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். தலைமை நிர்வாகியாகிய நான் மட்டும் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் இருக்கிறேன்.

கடைக்கு வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, எதிர்ச் சுவரில் தெரியும் எழுத்துகளைப் படிக்கச் சொல்வது என் உத்தியோகம். அவர்கள் சுவரைப் படிக்கும்போது நான் மன்றத்தைப் படிப்பேன்.

“சார், கடைசி வரி தெரியலை.”

“அதுக்கு மேல் வரி?”

“அதுவும் தெரியலை. நீங்க இன்னும் கண்ணாடியே மாட்டலை சார்.”

“பழகிடும்,” என்பேன். உலகக் கலையின் பாரத்தைச் சுமப்பவனுக்கு இதற்கு மேல் பேச நேரம் ஏது?

மன்றத்தின் வேகத்துக்கு ஈடு கிடையாது. வெள்ளிக்கிழமை வெளியாகும் படத்துக்கு வியாழக்கிழமையே தீர்ப்பு எழுதிவிடுவோம். அதற்கு அடிப்படை எங்கள் புகழ்பெற்ற நான்காவது விதி: ‘படம் பார்த்தவர்கள் அந்தப் படத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லக் கூடாது.’ பார்த்தவன் ஒன்று படத்தின் பக்கம் சாய்வான், அல்லது எதிர்ப்பக்கம் சாய்வான். பார்க்காதவன்தான் ஆடாமல் அசையாமல் நடுவில் நிற்பான். ஒருமுறை தபால்காரர் ஒருவர், “நீங்க எல்லாரும் பாராட்டற மழைக் காட்சி படத்துலயே இல்லையே, நான் நேத்து பாத்தேனே,” என்று எழுதினார். வருத்தத்தோடு அவரை நீக்கினோம். கலைக்கு முன்னால் தயவு தாட்சண்யம் பார்க்க முடியாது.

மன்றத்தில் இரண்டு அணிகள். ஒரு பெரிய நடிகரை ரசிகர்கள் ‘உச்சம்’ என்பார்கள். இன்னொருவரை ‘சிகரம்’ என்பார்கள். உச்சத்துக்கும் சிகரத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பவர்கள் உருப்படப்போவதில்லை. உச்சத்தின் அணிக்குத் தலைவர் ஒரு பல் டாக்டர். அவர் குரல் பதிவு அனுப்பினால் பின்னணியில் யாராவது ஒரு நோயாளி “ஆ... ஆ...” என்று ஆமோதிப்பது கேட்கும். சிகரத்தின் அணிக்கு ஒரு டைல்ஸ் கடை முதலாளி. கடையில் வாடிக்கையாளர் ‘வழுக்குமா?’ என்று கேட்டால் ‘எங்க தலைவர் மார்க்கெட் என்னிக்குமே வழுக்காது’ என்று பதில் சொல்லும் அளவுக்குக் கொள்கைப் பிடிப்புள்ளவர்.

இவர்கள் சண்டையைத் தீர்க்க நான் ஓர் அதிகாரபூர்வமான தர வரிசை வெளியிட்டிருந்தேன். சும்மா செய்தால் ‘நடித்தார்’. கொஞ்சம் நன்றாகச் செய்தால் ‘பின்னினார்’. கத்தினால் ‘மிரட்டினார்’. கண்ணை மூடித் திறந்தால் ‘பொளந்து கட்டினார்’. இவை எல்லாவற்றுக்கும் மேலே, எட்டாத உயரத்தில், ‘நடிக்கவில்லை, வாழ்ந்திருக்கிறார்’. அதற்கும் மேலே போனால் இரங்கல் செய்திதான் என்பதால் அங்கேயே நிறுத்திக்கொண்டோம்.

நிறுத்தியும் பயனில்லை. உச்சத்தின் புதுப்படச் சுவரொட்டி வந்த அன்று பல் டாக்டர், “தலைவர் வாழ்ந்திருக்கிறார்” என்று எழுதினார். உடனே டைல்ஸ் முதலாளி, “எங்காளு போன படத்துலயே வாழ்ந்து முடிச்சாச்சு” என்றார். “முடிச்சாச்சா? அப்போ எடுத்துப் புதைங்க” என்றார் டாக்டர். மன்றமே ரத்தக்களரியானது. பல் டாக்டரோடு அவருடைய சொந்த மச்சானே பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டார். டைல்ஸ் முதலாளி தன் பல் வலிக்கு மூன்று தெரு தள்ளி வேறு டாக்டரைத் தேடிப் போனார்.

இந்த நேரத்தில்தான் என் மச்சினன் விவகாரத்துக்குள் வந்தான்.

மச்சினன் என்றால் என் மனைவியின் ஒரே தம்பி. லிப்ட் கம்பெனியில் மெக்கானிக். நல்ல வேலை, மேலேயும் போகலாம், கீழேயும் வரலாம். அதை விட்டுவிட்டு நடிக்கப் போனான். கூட்டத்தில் ஒருவனாக, ஓடுகிறவனாக, அடி வாங்குகிறவனாக வருஷக்கணக்கில் அலைந்தபின், ஒரு சின்னப் படத்தில் ஆஸ்பத்திரித் திருடன் வேடம் கிடைத்தது. நோயாளிகளோடு துணைக்கு இருப்பவர்கள் தூங்கும்போது பர்ஸ் அடிப்பவன். என் மாமனார் அவனைக் கூப்பிட்டு, “இதுதான்டா கடைசி. இதுல உனக்கு ஒரு வழி பொறந்தா நடி. இல்லையா, வாயை மூடிக்கிட்டு லிப்டுக்குப் போ,” என்று சொல்லிவிட்டார். அவனும் தலையாட்டிவிட்டான். படத்தின் டைரக்டரோ, ஏதாவது ஒரு விருது வந்தால் அடுத்த படத்தில் நீதான் கதாநாயகன் என்று சொல்லியிருந்தார்.

படம் வெளியானதும் இரண்டு டிக்கெட்டோடு வீட்டுக்கு வந்தான்.

“மாமா, நீங்க அவசியம் பாக்கணும். பெரிய மன்றமெல்லாம் நடத்தறீங்க. நல்லா இல்லேன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க.”

“பாத்துட்டா எப்படி மாப்ள சொல்ல முடியும்? நாலாவது விதி இருக்கே.”

அவன் சிரித்தான். நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது. அன்று மன்றத்தின் அவசரக் கூட்டம் இருந்ததால் என் டிக்கெட்டில் பக்கத்து வீட்டு அம்மாள் போனார். என் மனைவி ஆஸ்பத்திரி மருந்துக் கவுன்ட்டரில் வேலை பார்ப்பவள். அழுகையெல்லாம் அவளுக்குத் தினப்படி. அவளே கண் வீங்கித் திரும்பி வந்தாள்.

“என்னங்க, அந்தப் பர்ஸை எடுத்துக்கிட்டு ஓடறான். வெளிய வந்து பிரிக்கறான். உள்ள பாத்தா—”

“நிறுத்து! சொல்லாதே. நடுநிலை போயிடும்.”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். பர்ஸில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த அளவுக்கு நான் நேர்மையானவன்.

பிறகு ‘தங்க விழி’ நடிப்பு விருதின் இறுதிப் பட்டியல் வந்தது. இருப்பது ஒரே ஒரு விருது. பட்டியலில் மூன்று பேர்: உச்சம், சிகரம், என் மச்சினன்.

வீட்டில் திருவிழாதான். என் மனைவி சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் போன் போட்டாள். ஆகாதவர்களுக்கு இரண்டு தடவை போட்டாள். மாமனார் மட்டும், “என்னம்மா, திருடனா வாழ்ந்திருக்கான்னு போட்டிருக்கே? நம்ம குடும்பத்துல இப்படி யாரும் கிடையாதே,” என்று கவலைப்பட்டார்.

அவர் கவலையில் அர்த்தம் இருந்தது. தேர்வுக் குழு மூன்று பேரைப் பற்றியும் ஒவ்வொரு வரி எழுதியிருந்தது. உச்சம், ‘திறம்பட நடித்திருக்கிறார்’. சிகரம், ‘சிறப்புற நடித்திருக்கிறார்’. என் மச்சினனுக்கு மட்டும்: ‘இவர் நடிக்கவில்லை, திருடனாகவே வாழ்ந்திருக்கிறார்.’

மன்றம் கொதித்தது. ஒரு பெரிய நடிகருக்குச் சும்மா ‘நடித்தார்’, பேர் தெரியாத ஒரு பயலுக்கு ‘வாழ்ந்தார்’! பல் டாக்டர் அன்று ஒரு நோயாளிக்கு வேறு பல்லைப் பிடுங்கிவிட்டதாகத் தகவல். டைல்ஸ் முதலாளி கடையையே மூடிவிட்டார். இரண்டு அணிகளும் என்னைக் குரல் அழைப்பில் கூப்பிட்டன.

“நிர்வாகி சார், அந்தப் பையன் உங்க மச்சினனாமே?” என்றார் டாக்டர்.

“ஆமாம். அதனால் இந்த விஷயத்தில் நான் இரண்டு மடங்கு கண்டிப்போடு நடந்துகொள்வேன் என்று உறுதி கூறுகிறேன்,” என்று எழுத்துத் தமிழிலேயே பதில் சொன்னேன். இப்படிப்பட்ட நேரங்களில் எனக்கு அது தானாக வந்துவிடும்.

“உங்களை மாதிரி ஒரு மனுஷன் கிடைக்கணுமே சார்!” என்று டைல்ஸ் முதலாளி தழுதழுத்தார். “எங்க தலைவருக்கு விருது வரலேன்னாகூடப் பரவால்ல. ஆனா டாக்டரோட ஆளுக்கும் வரக்கூடாது. இந்தப் பையனுக்கு வரவே கூடாது.”

“முதல் தடவையா நீங்க நியாயமாப் பேசறீங்க,” என்றார் டாக்டர்.

“ஆ...” என்றது பின்னணி.

வருஷக்கணக்காக ஒருவரையொருவர் கடித்துக் குதறியவர்கள் அன்று ஒரே குரலில் பேசினார்கள். கேட்கும்போதே எனக்கு மெய்சிலிர்த்தது. இந்த ஒற்றுமை கலைந்துவிடக் கூடாது என்ற ஒரே எண்ணத்தில், கடையில் ஒரு பெரியவரை ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு காத்திருக்கச் சொல்லிவிட்டு, அங்கேயே தேர்வுக் குழுவுக்கு ஒரு மனு எழுதினேன்.

‘பொருள்: நடிக்காத நபருக்கு நடிப்பு விருது வழங்கும் முயற்சி – ஆட்சேபம் தெரிவித்தல் – தொடர்பாக. பார்வை: தங்கள் குறிப்பு. மேற்படி நபர் நடிக்கவில்லை என்பதைத் தாங்களே எழுத்துமூலம் ஒப்புக்கொண்டுள்ளீர்கள். இது நடிப்புக்கான விருது. வாழ்வதற்கு விருது கொடுக்க ஆரம்பித்தால், உயிரோடிருக்கும் அனைவரும் விண்ணப்பிக்க நேரிடும் என்பதைப் பணிவுடன் சுட்டிக்காட்டுகிறோம். மேலும், ஒருவர் திருடனாக வாழ்ந்தது தெரியவந்தால் தகவல் தெரிவிக்க வேண்டிய இடம் வேறு.’

மனுவின் கீழே கையெழுத்துகள் குவிந்தன. படத்தைப் பார்க்காதவர்கள் இத்தனை ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் ஒரு கருத்துக்கு வந்தது சரித்திரத்தில் இதுவே முதல் முறையாக இருக்கும். தேர்வுக் குழு பயந்துவிட்டது என்று சிலர் சொல்கிறார்கள். அது தவறு. தெளிந்துவிட்டது. ‘தங்கள் மனு கண்டோம். சொல்லில் நேர்ந்த பிழைக்கு வருந்துகிறோம். நடிக்காதவர் பட்டியலில் இருந்து நீக்கப்படுகிறார். விருது மற்ற இருவருக்கும் பகிர்ந்தளிக்கப்படும்’ என்று பதில் வந்தது. பல் டாக்டர், டைல்ஸ் முதலாளிக்கு இலவசமாகப் பல் சுத்தம் செய்துவிட்டார். முதலாளி, டாக்டரின் குளியலறைக்கு டைல்ஸ் அனுப்பினார்.

வீட்டில்தான் பேச்சு இல்லை. என் மனைவி சாதம் போடுவாள், குழம்பு ஊற்றுவாள், போய்விடுவாள். “உப்பு கொஞ்சம் கம்மி” என்று ஒருநாள் சொன்னேன். உப்பு ஜாடியையே கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை மச்சினன் சாப்பிட வந்தான். அவன் வருத்தமாக இருப்பானோ என்று எனக்கு லேசாக ஒரு பயம். ஆனால் பையன் வாசலிலேயே சிரித்துக்கொண்டு வந்தான்.

“அக்கா, பசி உயிர் போகுது. மாமா, வாழ்த்துகள்! உங்க மனுதான் ஊரெல்லாம் பேச்சு.”

“மாப்ள, அது தனிப்பட்ட முறையில...”

“அய்ய, எனக்குத் தெரியாதா மாமா? சூப்பரா எழுதியிருந்தீங்க. ‘உயிரோடிருக்கும் அனைவரும் விண்ணப்பிக்க நேரிடும்’ங்கற இடத்துல விழுந்து விழுந்து சிரிச்சேன்.” சொல்லிவிட்டு இப்போதும் சிரித்தான்.

“டைரக்டர் என்ன சொன்னார்டா?” என்று கேட்டாள் என் மனைவி. அவள் உட்காரவில்லை.

“அவர் பாவம்க்கா. ‘உன்னைப் போட்டா ரெண்டு கோஷ்டியும் சேந்து படத்தைக் கவுத்துடுவாங்க’ன்னார். வேற ஆளைப் போட்டாச்சு. அதுவும் நல்லதுக்குத்தான். எனக்கும் அலைஞ்சு அலைஞ்சு போரடிச்சுப் போச்சு. நாளைக்கு லிப்ட் கம்பெனில சேரறேன். மேனேஜர் ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டார். வீடுகளுக்கு ரிப்பேருக்கு அனுப்ப மாட்டாராம், ஆபீஸ் கட்டடம் மட்டும்தானாம். அவரும் மன்றத்துல இருக்காராம் மாமா!”

“உறுப்பினர் எண்ணிக்கை கூடிக்கிட்டே வருது,” என்றேன் பெருமையாக.

“அக்கா, இன்னும் கொஞ்சம் சாதம் போடேன்.”

இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டான். பழைய கதையெல்லாம் பேசினான். லிப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளிருந்து எப்படியெல்லாம் கத்துவார்கள் என்று குரல் மாற்றிச் செய்துகாட்டினான். எனக்குப் புரையேறிவிட்டது. கை கழுவிவிட்டு, “வரேன் மாமா, மனசுல எதையும் வெச்சுக்காதீங்க,” என்று என் தோளைத் தட்டினான். அக்காவிடம் மட்டும் வாயைத் திறக்காமல் தலையை ஆட்டிவிட்டு, விடுவிடுவென்று படியிறங்கிப் போனான்.

எனக்கு மனசு நிறைந்துவிட்டது. உடனே மன்றத்துக்கு ஓர் அறிக்கை எழுதினேன்: ‘சம்பந்தப்பட்ட நபர் முடிவை முழு மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டார். வாய்விட்டுச் சிரித்தார். வயிறாரச் சாப்பிட்டார். அவர் மனதில் துளியும் வருத்தமில்லை என்பதை, நடிப்பை ஆராய்வதில் நீண்ட அனுபவமுள்ள நான் பக்கத்தில் உட்கார்ந்து நேரில் கண்டு உறுதி செய்கிறேன்.’

என் மனைவி தம்பி சாப்பிட்ட தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, என் தோளுக்குப் பின்னால் நின்று முழுவதையும் படித்தாள்.

“படத்தைத்தான் பாக்கலை. இதையாவது முழுசா உக்காந்து பாத்தீங்களே,” என்றாள். “இப்ப சொல்லுங்க, என் தம்பிக்கு நடிக்கத் தெரியுமா, தெரியாதா?”